லால்பாக் கண்ணாடி மாளிகை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரு லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்வந்தவர்களிடம் அங்குள்ள கண்ணாடி மாளிகை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் போனவர், "உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் இரும்புக் கூடு" என்பார். மலர்க் கண்காட்சி நாளில் போனவர், "ஒரு வாசலில் நுழைந்தோம், கூட்டம் இன்னொரு வாசலில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது, அண்ணாந்து பார்க்கக்கூட நேரமில்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் போன நாள்தான் தப்பு.

குடும்பத்தோடு ஒரு ஜனவரிக் கடைசியில் போனோம். எந்தக் கேட், எந்த வரிசை, எந்த ரயிலில் திரும்புவது என்று எதுவும் தெளிவாகத் தெரியாமல் பகல் முழுக்க அலைந்தோம். விசாரிக்க விசாரிக்கத்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கும், வேலைக்காகப் பெங்களூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தோட்டத்தின் வரலாறு வேண்டுமென்றால் வேறு இடத்தில் படித்துக்கொள்ளலாம். இது போய்வருவதற்கான கட்டுரை.

1. கட்டடமா, பூவா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

கண்ணாடி மாளிகை ஒரு கண்காட்சிக் கூடம். 1889-இல் அடிக்கல் நாட்டி, லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்து, கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கொண்டுவந்து எழுப்பினார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு நாளை ஒட்டியும் சுதந்திர நாளை ஒட்டியும், கர்நாடகத் தோட்டக்கலைத் துறையும் மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து இங்கே மலர்க் கண்காட்சி நடத்துகின்றன. படங்களில் நீங்கள் பார்க்கிற பூக்கோபுரங்களும் பூவால் செய்த உருவங்களும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் கூடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். உள்ளே விடுவார்கள் என்பதற்கும் உறுதி கிடையாது. பக்கவாட்டில் அடைப்பான சுவர் இல்லாததால் வெளியே நின்றபடி உட்புறம் முழுவதையும் பார்க்க முடியும்.

ஆகவே பூ வேண்டுமென்றால் கண்காட்சி நாள். கட்டடம் வேண்டுமென்றால் சாதாரண வார நாள், அதுவும் விடிகாலை. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கூட்டத்துக்குத்தான் நேரம் போகும். பெங்களூரிலேயே குடியிருப்பவர்கள் இரண்டு தடவையாகப் போங்கள் என்பேன். வெளியூரிலிருந்து ஒரே தடவை வர முடிகிறவர்களுக்கு வழி எட்டாவது படியில் இருக்கிறது.

2. தேதியைப் பிடியுங்கள்

இதில்தான் வெளியூர்க்காரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கண்காட்சித் தேதிகளைக் கடைசி ஓரிரு வாரங்களில்தான் உறுதியாக அறிவிக்கிறார்கள். ரயில் முன்பதிவோ 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ரயிலில் இடம் இருக்காது. ஜனவரியில் பொங்கல் நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

அறிவிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முந்தைய ஆண்டுகளின் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் கண்காட்சி 2023-இல் 4 முதல் 15 வரை, 2024-இல் 8 முதல் 19 வரை, 2025-இல் 7 முதல் 18 வரை நடந்தது. ஜனவரிக் கண்காட்சி 2023-இல் 20-ஆம் தேதியும், 2024-இல் 18-ஆம் தேதியும், 2025-இல் 16-ஆம் தேதியும் தொடங்கியது. தொடக்க நாள் முன்னும் பின்னும் நகர்ந்தாலும், ஆகஸ்ட் 9 முதல் 14 வரையிலும் ஜனவரி 20 முதல் 25 வரையிலும் உள்ள நாட்கள் எல்லா ஆண்டுகளிலும் கண்காட்சிக்குள்ளேயே விழுந்திருக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து டிக்கெட் போட்டுவிடுங்கள். அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏதாவது காரணத்தால் தேதி மாறினால் டிக்கெட்டை ரத்து செய்வதற்கு அப்போதும் அவகாசம் இருக்கும்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய இரண்டு நாட்களையும் கண்ணை மூடிக்கொண்டு தவிருங்கள். ஊரே திரண்டு வரும். இடையில் வரும் சனி, ஞாயிறும் கிட்டத்தட்ட அதே கதைதான். தொடக்க நாளும் வேண்டாம்: திறந்துவைக்க அமைச்சர்கள் வருவார்கள், அதுவரை பொதுமக்கள் காத்திருக்க வேண்டும். கண்காட்சி முடியப்போகும் நாட்களில் பூக்களில் வாட்டம் தெரியும். நடுவில் பூக்களை மாற்றுகிறார்கள், ஆனாலும் முதல் நாலைந்து நாளில் இருக்கும் செழிப்பு பிறகு இருப்பதில்லை.

கட்டடத்தை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்குத் தேதிப் பிரச்சினையே கிடையாது. ஒரே எச்சரிக்கை: கண்காட்சிக்கு முந்தைய வாரத்தில் வராதீர்கள். மாளிகைக்குள் மண்ணும் சட்டங்களும் தொட்டிகளும் ஏறிக்கொண்டிருக்கும். பூவும் இருக்காது, கூடமும் காலியாக இருக்காது.

3. ஊரிலிருந்து கிளம்புவது

சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். லால்பாக் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் சென்னையை விட்டு இரவில்தான் பெங்களூரு சேரும். திரும்பும்போதும் விடிகாலையிலேயே கிளம்பிவிடும். தங்கிப் பார்க்கிறவர்களுக்குச் சரி, ஒரே நாளில் போய்வர நினைக்கிறவர்களுக்கு அது உதவாது. விடியற்காலையில் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வந்தே பாரத்தில் வந்தால் பத்து மணியை ஒட்டி கே.எஸ்.ஆர். பெங்களூரு நிலையத்தில் இறங்கலாம். ஆனால் திரும்புவதற்கான பகல் ரயில்கள் பிற்பகல் மூன்று, நான்கு மணி வாக்கிலேயே போய்விடுகின்றன. கண்காட்சி நாளில் அவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியாது. இரவு பத்தரைக்கு மேல் கிளம்பும் மெயிலில் திரும்பும் டிக்கெட் போட்டால் பதற்றமில்லாமல் பார்க்கலாம். இன்னும் நல்ல ஏற்பாடு, இரவு ரயிலில் வந்து அதிகாலையில் இறங்குவது. கூட்டம் வருவதற்கு முன்னால் கேட்டில் நிற்கலாம்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வசதி. தமிழ்நாட்டு பஸ்கள் வந்துபோகும் சாந்திநகர் பஸ் நிலையம் லால்பாக்குக்கு மிக அருகில் இருக்கிறது. எல்லோரும் மெஜஸ்டிக் (கே.எஸ்.ஆர். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய பஸ் நிலையம்) என்கிறார்களே என்று அங்கே போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம் வர வேண்டாம். ஏறும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, சாந்திநகரில் நிற்குமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்ப் பக்கத்தவர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து வழி எளிதாகிவிட்டது. ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்து, அங்கே மஞ்சள் வழி மெட்ரோ பிடித்து, ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சை வழிக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து நேரத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

காரில் வராதீர்கள். சாதாரண நாளில் சமாளித்துவிடலாம். கண்காட்சி நாட்களில் மரிகௌடா சாலை, கே.எச். ரோடு, லால்பாக் ரோடு, அசோகா பில்லர் சுற்றுவட்டாரம் என்று தோட்டத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நிறுத்தத் தடை போட்டு, நின்ற வண்டியை இழுத்துப் போய்விடுகிறார்கள். கார் தவிர்க்க முடியாது என்றால் சாந்திநகர் பஸ் நிலைய வளாகத்தில் இருக்கும் மாடி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். போக்குவரத்துக் காவல் துறை கண்காட்சிக்கு முன்பு வெளியிடும் அறிவிப்பில் அந்த ஆண்டு எங்கெங்கே நிறுத்தலாம் என்ற பட்டியல் இருக்கும்.

4. நகருக்குள் வருவது

ரயிலில் வந்தவர்களுக்கு மெட்ரோதான் சுலபம். கே.எஸ்.ஆர். நிலையத்தை ஒட்டியுள்ள மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் பச்சை வழியில் சில்க் இன்ஸ்டிடியூட் போகும் ரயிலில் ஏறுங்கள். சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வெஸ்ட் கேட் பக்கத்திலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ காலை ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதிகாலையில் வந்து இறங்குகிறவர்கள் அன்றைக்கு ஆட்டோதான் பிடிக்க வேண்டும்.

மெட்ரோ டிக்கெட்டைக் கவுன்ட்டரில் நின்று வாங்க வேண்டியதில்லை. வாட்ஸாப் வழியாகவோ நம்ம மெட்ரோ செயலியிலோ கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். திரும்புவதற்கும் அப்படியே செய்யுங்கள். மாலையில் லால்பாக் நிலையத்து டோக்கன் வரிசை படிக்கட்டு வரை நீளும். சில ஆண்டுகளில் கண்காட்சியின் முக்கிய நாட்களில் லால்பாக்கிலிருந்து எந்த நிலையத்துக்கும் போக 30 ரூபாய்த் தாள் டிக்கெட் கொடுத்தார்கள். பக்கத்து நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு அது நஷ்டம், தூரமாகப் போகிறவர்களுக்கு லாபம்.

ஆட்டோ மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்டில் உயர்ந்தது: முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். சாந்திநகரிலிருந்து வந்தால் குறைந்தபட்சக் கட்டணத்திலேயே முடிந்துவிடும். மெஜஸ்டிக்கிலிருந்து நூறு ரூபாய்ச் சுற்றுக்குள் வர வேண்டும். கண்காட்சி நாளில் இதைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள். பேரம் பேசி மனதைக் கெடுத்துக்கொள்வதைவிடச் செயலியில் பதிவு செய்துவிடுங்கள். தமிழில் பேசினால் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குப் புரிகிறது. வெறுமனே "லால்பாக்" என்று மட்டும் சொல்லாமல் கேட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் ஏழாவது படியில்.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர் நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்ப் பழகியிருப்போம். கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு இலவசப் பயணத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் சொல்வார்கள். கண்டக்டரோடு வாதாடிப் பயனில்லை, விதி அப்படி. பெங்களூருக்குக் குடிவந்தவர்கள் முகவரியை மாற்றிய பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும்.

5. டிக்கெட்டும் செலவும்

தோட்டம் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். சாதாரண நாளில் நுழைவுக் கட்டணம் சில பத்து ரூபாய்கள்தான். விடிகாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைக் கட்டணமில்லாமல் விடுகிறார்கள். கண்ணாடி மாளிகைக்கென்று தனி டிக்கெட் கிடையாது. "மாளிகைக்குள் விடுகிறேன், தனியாகக் கொடுங்கள்" என்று யாராவது நெருங்கினால் விலகிப் போங்கள்.

கண்காட்சி நாட்களில் கட்டணம் வேறு. 2025 ஆகஸ்டில் பெரியவர்களுக்கு வார நாளில் 80 ரூபாய், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 100 ரூபாய், சிறுவர்களுக்கு 30 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வார நாளில் 220, விடுமுறை நாளில் 260. பணத்தில் வித்தியாசம் சொற்பம். வார நாளுக்குப் போகச் சொல்வது கூட்டத்துக்காகத்தான். சீருடையில் வரும் பள்ளி மாணவர்களுக்கு இலவசம். அதனால் வார நாள் முற்பகலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவார்கள். அது தெரிந்திருந்தால், காலையில் கேட் திறந்ததும் நுழைந்து, அவர்கள் மாளிகையை அடைவதற்குள் நீங்கள் பார்த்து முடித்துவிடலாம்.

இணையத்திலும் கேட்டில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டிலும் டிக்கெட் எடுக்கும் வசதி சமீபக் கண்காட்சிகளில் வந்துவிட்டது. ஆயினும் கூட்டம் குவியும்போது அலைபேசி இணைப்பு திணறும். முந்தைய இரவே வாங்கிப் படமாகச் சேமித்துவையுங்கள். கையில் கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். அரசின் இணையதளம் எது என்பதைத் துறையின் அறிவிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தேடலில் முதலில் வருகிற தனியார் பக்கங்கள் சேவைக் கட்டணம் என்று கூடுதலாக வாங்கிவிடும்.

6. கையில் என்னென்ன

உள்ளே போக அடையாள அட்டை தேவையில்லை. இருந்தாலும் ஆதாரின் அசல் உடன் இருக்கட்டும். ரயிலில் கேட்பார்கள், தங்கும் விடுதியில் கேட்பார்கள், ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையிலும் கேட்பார்கள்.

காப்பறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கண்காட்சி வரிசையில் நிற்பது பெரிய கொடுமை. சோதனையில் நேரம் போகும், தோளும் வலிக்கும், உள்ளே வைக்கவும் இடமில்லை. கே.எஸ்.ஆர். நிலையத்தில் பையை விடலாம். அதற்கு வேண்டியவை மூன்று: அன்றைய பயணத்தின் ரயில் டிக்கெட், அடையாள அட்டை, பையில் பூட்டு. பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப் போட்ட சாதாரணத் தோள்பையென்றால் ஊரிலேயே ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் வந்தவர்களிடம் ரயில் டிக்கெட் இருக்காது, ஆகவே அவர்கள் பை இல்லாமலேயே வருவது நல்லது.

தோட்டத்துக்குள் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பூரி, புளிசாதம் என்று பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். துணிப்பையும் எஃகுப் பாட்டிலில் தண்ணீரும் போதும். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

அலைபேசியில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. பெரிய கேமரா என்றால் கவுன்ட்டரில் அதற்கான சீட்டு வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு மாதிரியானவற்றுக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் முன்அனுமதி வேண்டும். உடையலங்காரத்தோடு வந்து இறங்கிய ஜோடியைக் காவலர் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது இன்னும் மறக்கவில்லை.

ஆகஸ்டில் மழை வரும். நெரிசலான வரிசையில் குடை பிடிக்க முடியாது, மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். ஜனவரிக் காலை நன்றாகவே குளிரும். முதியவர்களுக்குச் சால்வை அவசியம்.

7. எந்தக் கேட்?

தோட்டம் 240 ஏக்கர். தவறான கேட்டில் இறங்கினால் சுற்றுச்சுவரை ஒட்டியே வெகுதூரம் நடக்க நேரிடும்.

மெட்ரோவில் வந்தால் வெஸ்ட் கேட். சாந்திநகரிலிருந்தோ லால்பாக் ரோட்டிலிருந்தோ வந்தால் மெயின் கேட். ஜெயநகர்ப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்குச் சித்தாபுரா கேட். பெரும்பாலோர் மெட்ரோவில் வருவதால் கண்காட்சி நாட்களில் வெஸ்ட் கேட் நிரம்பி வழிகிறது. சாந்திநகரில் இறங்கியவர்கள் மெயின் கேட்டிலேயே நுழைந்துவிடுங்கள்.

குடும்பமாகப் போனால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று கேட்டிலேயே பேசி வையுங்கள். "கண்ணாடி மாளிகைக்கு முன்னால்" என்று சொன்னால் கண்காட்சி நாளில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கேட்டில் நுழைந்தீர்களோ அந்த டிக்கெட் கவுன்ட்டர்தான் தோதான இடம். சின்னக் குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் அலைபேசி எண்ணை எழுதிவையுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே பேட்டரி வண்டி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். சாதாரண நாளில் தோட்டத்தை ஒரு சுற்றுக் காட்டிக்கொண்டு வருவார்கள். கண்காட்சிக் கூட்டத்தில் அது கிடைக்கும் என்று நம்பி முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள். அவர்களைச் சாதாரண நாளில் கூட்டிப் போவதுதான் அவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

8. உள்ளே பார்ப்பது எப்படி

கண்காட்சி நாளில் மாளிகைக்குள் ஒருவழிப் பாதைதான். ஒரு பக்கம் நுழைந்து, கயிறு கட்டிய நடைபாதையில் நகர்ந்து, மறுபக்கம் வெளியேற வேண்டும். நடுவில் அந்த ஆண்டின் கருப்பொருளுக்கேற்ற பெரிய அமைப்பு இருக்கும். 2024 ஆகஸ்டில் அம்பேத்கர், 2025 ஜனவரியில் வால்மீகி, அதே ஆண்டு ஆகஸ்டில் கித்தூர் ராணி சென்னம்மாவும் சங்கொள்ளி ராயண்ணாவும். அந்த அமைப்பின் முன்னால் எல்லோரும் படம் எடுக்க நிற்பார்கள், காவலர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார், வரிசை முட்டி நிற்கும்.

அங்கே ஒன்று செய்யுங்கள். வரிசை முட்டி நிற்கிற அந்த ஒரு நிமிடம், அலைபேசியைத் தாழ்த்தி அண்ணாந்து பாருங்கள். பூக்குவியலுக்கு மேலே மெலிந்த இரும்புத் தூண்கள் உயர்ந்து, வளைவுகளாகப் பிரிந்து, கூரையை ஏந்தி நிற்பது தெரியும். தூணும் வளைவும் சேரும் மூலைகளில் கொடிபோல் சுருண்ட வார்ப்பு வேலைப்பாடு இருக்கும். வெயில் கண்ணாடி வழியாக இறங்கி, அந்தச் சுருள்களின் நிழல் கீழே சாமந்திப் பூவின்மேல் விழும். ஒரே பயணத்தில் பூவையும் கட்டடத்தையும் பார்க்க வேண்டியவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: உள்ளே அந்த ஒரு நிமிடம், பிறகு வெளியே வந்ததும் கூட்டத்தோடு கடைகளின் பக்கம் போகாமல் மாளிகையை வெளிப்புறமாக ஒரு முழுச் சுற்று. சிலுவை வடிவத்தில் நாலு பக்கமும் கைகள் நீண்டிருப்பது சுற்றி நடந்தால்தான் விளங்கும்.

நண்பகலில் உள்ளே போகாதீர்கள். கண்ணாடிக் கூரை, ஆயிரக்கணக்கான மனிதர்கள், ஈரமண். புழுக்கம் தாங்காது. குழந்தைகளும் முதியவர்களும் மயங்கிவிடக்கூடும்.

சாதாரண நாளில் வருகிறவர்கள் ஆறரை, ஏழு மணிக்கே வாருங்கள். அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர யாரும் இல்லை. கிழக்கிலிருந்து வரும் சாய்வெயில் ஒரு பக்கக் கண்ணாடியில் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது கட்டடம் முழுவதும் கோட்டோவியமாகத் தெரியும். உள்ளே விடாவிட்டாலும் குறையில்லை. பூ இல்லாத கூடத்தில்தான் இரும்பு எப்படிக் கூரையைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடுகிறது. இந்தக் காலைக்காகவே பெங்களூரு போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேரம் மிச்சமிருந்தால் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைக்குப் போங்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை அது, தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், மழை பெய்தால் வழுக்கும்.

பெரிய மரங்களில் தேன்கூடுகள் தொங்கும். பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேனீ கலைந்தால் அடிபடுவது அங்கே இருக்கிற எல்லோரும்.

கழிப்பறைகள் உண்டு, ஆனால் கண்காட்சிக் கூட்டத்துக்குப் போதாது. மெட்ரோ நிலையத்திலோ பஸ் நிலையத்திலோ முடித்துக்கொண்டு நுழையுங்கள். பெண்களுக்கு இது மிக முக்கியம்.

9. சாப்பாடு

கண்காட்சி நாளில் வளாகத்துக் கடைகளில் நின்று சாப்பிட வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் வெளியே போய் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். மெயின் கேட் பக்கம் வெளியே வந்தால் லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சிறிது நேரம் அடைத்துவிடுவார்கள், ஆகவே பதினொரு மணிக்கு மேல் இட்லி கிடைக்கும் என்று போகாதீர்கள். வெஸ்ட் கேட் பக்கம் என்றால் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன் உணவகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டிலும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். மாலையென்றால் வி.வி. புரம் உணவுத் தெருவுக்கு நடந்தே போகலாம்.

10. திரும்புவது

கண்காட்சி நாளில் மாலை ஐந்து முதல் ஏழு வரை எல்லாக் கேட்டிலும் ஒரே நேரத்தில் கூட்டம் வெளியேறும். நாலரைக்குள் கிளம்பிவிடுங்கள், முடியாவிட்டால் உணவுத் தெருவில் பொழுதைக் கழித்து எட்டு மணிக்கு மேல் நேஷனல் காலேஜ் நிலையத்தில் மெட்ரோ ஏறுங்கள். லால்பாக் நிலையத்தைவிட அங்கே நெரிசல் குறைவு, மெஜஸ்டிக்குக்கும் ஒரு நிலையம் கிட்டே.

ரயில் பிடிக்க வேண்டியவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். காப்பறையில் பையைத் திரும்ப வாங்கும் ரசீதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சாந்திநகரில் பஸ் ஏற வேண்டியவர்கள் கூட்டம் போகிற போக்கில் வெஸ்ட் கேட் பக்கம் போய்விடாமல் மெயின் கேட் வழியாகவே வெளியே வாருங்கள். வெஸ்ட் கேட்டில் வெளியேறிவிட்டால் தோட்டத்தைப் பாதி சுற்றி நடக்க வேண்டும், அந்த நேரத்தில் ஆட்டோவும் கிடைக்காது.